முதலில் மட்டம், பிறகு மென்பொருள்

சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிவருகிறது. 2046 வரை இந்த நகரம் எந்தத் திசையில், எந்த அளவுக்கு வளரலாம் என்று வரையறுக்கப்போகும் ஆவணம் அது. இப்படிப்பட்ட திட்டங்களையொட்டி நடக்கும் கருத்தரங்குகளுக்குப் போனால் திரையில் சில படங்கள் தவறாமல் வரும்: ஓட்டுநர் இல்லாத கார், பொட்டலம் சுமந்து பறக்கும் ட்ரோன், காற்றின் மாசை அளக்கும் விளக்குக் கம்பம், நகரத்தை அப்படியே கணினிக்குள் இறக்கிவைத்த முப்பரிமாண மாதிரி. எல்லாமே நல்ல சங்கதிகள்தான். ஆனால், 2046-ல் எந்தத் தொழில்நுட்பம் நம் தெருவை ஆளும் என்று இன்றைக்கு அறிந்தவர் எவரும் இல்லை. அறிந்ததாக அடித்துச் சொல்பவர் பெரும்பாலும் எதையோ விற்க வந்தவராக இருப்பார்.

இரண்டாவது முழுமைத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2008 செப்டம்பர் 2 அன்று அதற்கு அரசு ஒப்புதல் கிடைத்தது. இலக்கு ஆண்டு 2026. ஐபோன் இந்தியக் கடைகளுக்கு வந்தது அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்புதான். ஓலா 2010-ல் வந்தது, ஸ்விக்கி 2014-ல், யுபிஐ 2016-ல். இவை சென்னைத் தெருக்களைப் புரட்டிப்போட்ட விதம் அந்தத் திட்டத்தின் எந்தத் தொகுதியிலும் இல்லை. உணவகத்தின் வாசலில் ஐம்பது இருசக்கர வாகனங்கள் காத்து நிற்கும் என்றோ, வாடகைக் காருக்குக் கைகாட்ட வேண்டிய தேவையே போய்விடும் என்றோ எழுதியிருக்க முடியாது. அதற்காகத் திட்டம் தீட்டியவர்களைக் குறைசொல்வது நியாயமில்லை. அறிய முடியாததை அவர்கள் அறியவில்லை.

அறிந்திருந்தவை வேறு. பள்ளிக்கரணை பள்ளம் என்பது தெரியும். பாதாளச் சாக்கடை இல்லாத கிராமத்தில் பதினைந்து மாடிக் கட்டடம் எழும்பினால் கழிவுநீர் எங்கே போகும் என்பதும் தெரியும். அடையாறும் கூவமும் கொசஸ்தலையும் எந்த வழியாகக் கடலுக்குப் போகின்றன என்பது வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்திலேயே இருக்கிறது. எதிர்காலத் தொழில்நுட்பத்துக்குத் திட்டமிடுவது என்றால், என் கணக்கில், இப்படித் தெரிந்தவற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, தெரியாதவற்றுக்கு இடம் மட்டும் விட்டுவைப்பது. நாம் இதுவரை செய்துவந்தது இதற்கு நேர்தலைகீழ்.

இடம் விட்டுவைப்பதற்கு நான் அறிந்த நல்ல சான்று சிங்கப்பூர். 1971-ல் அவர்கள் போட்ட கருத்துருத் திட்டம், விரைவுப் போக்குவரத்துக்கான தடங்களை நகரின் ஊடாகக் கோடு கிழித்து ஒதுக்கியது. அதில் ரயில் ஓடுமா, பேருந்து ஓடுமா என்பது அன்று முடிவாகவில்லை. எழுபதுகள் முழுக்க அரசுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. பேருந்தே போதும் என்ற தரப்பும் வலுவாகத்தான் இருந்தது. ரயில்தான் என்று 1982-ல் தீர்மானித்தார்கள், 1987-ல் ஓடியது. இத்தனை ஆண்டு சண்டையிலும் தடத்துக்கான நிலம் கைவிட்டுப் போகவில்லை என்பதால், முடிவு தாமதமானதே தவிரக் கெட்டுப்போகவில்லை. பார்சலோனாவுக்கு 1859-ல் விரிவாக்கத் திட்டம் போட்ட இல்டெஃபோன்ஸ் செர்தாவும் குறைந்தது 20 மீட்டர் அகலத்தில் தெருக்களை வகுத்தார். மோட்டார் கார் அப்போது பிறக்கவே இல்லை. டிராம், கார், பேருந்து, இன்றைய மிதிவண்டித் தடம் என எல்லாமே அந்த அகலத்துக்குள் மாறி மாறிக் குடியேறியிருக்கின்றன.

எதிர்ச்சான்று அபுதாபியின் மஸ்தார் நகரம். கரிமமே உமிழாத நகரம் என்று 2006-ல் அறிவிக்கப்பட்டது. நகரத்தையே ஒரு மேடைமேல் தூக்கி நிறுத்தி, அந்த மேடைக்கு அடியில் ஓட்டுநரில்லாத சிறு வண்டிகள் ஓடும்படி வடிவமைத்தார்கள். 2010-ல் வண்டிகள் ஓடவும் செய்தன. அதற்குள் சாதாரணச் சாலையில் ஓடக்கூடிய மின்கார்கள் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டன. மேடை கட்டும் செலவும் தாங்கவில்லை. முதல் கட்டத்தோடு அந்த யோசனையைக் கைவிட்டார்கள். ஒரு கருவியை நம்பி நிலத்தின் வடிவத்தையே மாற்றினால், கருவி பழசானதும் கையில் மிஞ்சுவது மேடைதான்.

நம் ஊரில் மிஞ்சியது என்ன என்று பார்க்கப் பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போகலாம். தமிழ்நாட்டின் எதிர்காலத் தொழில்நுட்பத்துக்காகவே திட்டமிடப்பட்ட தடம் அது. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சாலை ஆறு வழியானது. கண்ணாடிக் கட்டடங்கள் சிறுசேரி வரை வரிசைகட்டின. கண்ணாடி இழைக் கேபிள் தாராளமாகப் புதைக்கப்பட்டது. சாலையில் சுங்கச்சாவடிகளும் முளைத்தன. மெட்ரோ ரயில் பணிகளுக்காக 2021-ல் வசூலை நிறுத்தும் வரை அவற்றில் பெரும்பாலானவை இயங்கின. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும்தான் வரவில்லை.

காரணம் சதி ஒன்றும் இல்லை. சாதாரண நிர்வாக இடைவெளி. சாலையைப் போட்டது மாநில அரசின் நிறுவனம். கட்டட அனுமதி தந்தது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.). தண்ணீருக்கும் கழிவுக்கும் பொறுப்பு பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் போன்ற உள்ளாட்சிகளிடம் இருந்தது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆக விரிந்து இந்த ஊர்களைச் சேர்த்துக்கொண்டது 2011-ல்தான். அதற்குள் கட்டடங்கள் எழும்பிவிட்டன. பிறகு குழாய் பதிப்பது என்பது குடிவந்த வீட்டில் சுவரை இடிப்பது மாதிரி. இன்றைக்கும் காலையில் அந்தச் சாலையில் தண்ணீர் லாரி உள்ளே போகிறது, கழிவுநீர் லாரி வெளியே வருகிறது. உலகத்துக்கே மென்பொருள் எழுதும் தடத்தில் சாக்கடை இன்னும் சக்கரத்தின் மேல் பயணிக்கிறது. அங்கே மெட்ரோ ரயில் இப்போதுதான், டைடல் பார்க் வந்து கால் நூற்றாண்டு கழித்து, கட்டப்பட்டுவருகிறது. வரிசை இப்படித் தலைகீழாகிவிட்டது: அலுவலகம், பிறகு குடியிருப்பு, பிறகு லாரி, பிறகு வெள்ளம், கடைசியாக ரயில்.

வெள்ளத்துக்கு வருவோம். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் வந்து தங்கும் இடம் பள்ளிக்கரணைக் கழுவெளி. அங்கே தங்கித்தான் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், பிறகு கோவளம் முகத்துவாரத்துக்கும் மெல்லப் போகும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த கழுவெளி சில நூறு ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. குப்பைக் கிடங்கு ஒரு பக்கம் தின்றது. தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் அடுக்குமாடிகளும் மறுபக்கம் தின்றன. தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் நிற்பதுகூட அந்தச் சதுப்பு நிலப் பரப்பில்தான். நிலைத்த வளர்ச்சிக்கான ஆய்வுக்கூடத்தைக் கட்ட நகரத்தின் கடற்பஞ்சில் ஒரு துண்டை வெட்டிக்கொடுத்திருக்கிறோம். அந்த நிறுவனங்களின் பணியை மதிக்கிறேன். அவற்றுக்கு இடம் பார்த்துக் கொடுத்தவர்களிடம்தான் கேள்வி.

2022-ல் பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது மகிழ்ந்தோம். அந்த எல்லைக்கோடு எந்தெந்தப் புல எண்களின் வழியே போகிறது என்பது தரையில் குறிக்கப்படாததால், அதுவே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்காயிற்று. செயற்கைக்கோள் படத்தில் கோடு போடத் தெரிந்த நமக்கு, தாலுகா அலுவலகத்து அ-பதிவேட்டில் அந்தக் கோட்டை இறக்கத் தெரியவில்லை. நகரமைப்பில் தொழில்நுட்பம் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வரைபடத்துக்கும் பட்டாவுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. நிலம் தெரிந்தவர்கள் அதில்தான் வீடு கட்டுகிறார்கள்.

இந்தப் பழக்கம் தகவல் தொழில்நுட்பத்தோடு வந்ததுமில்லை. சென்னை மாகாணத்தின் நகரமைப்புச் சட்டம் 1920-ல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் பெருமைக்குரிய சாதனையாகத் தியாகராய நகர் உருவானது, மயிலாப்பூர் நீள்ஏரியை வடித்துவிட்டு. எண்பதுகளில் திட்டமிட்டு 1995 முதல் ஓடிய பறக்கும் ரயிலுக்கு நிலம் எடுக்கும் சிரமத்தைத் தவிர்க்கப் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டார்கள். கால்வாய் குறுகியது, ரயிலும் பரங்கிமலையைத் தொட முடியாமல் வேளச்சேரியில் நின்றது. 2008-ல் தொடங்கிய 5 கிலோமீட்டர் நீட்டிப்பு, சுமார் 500 மீட்டர் நிலத்துக்கான வழக்கில் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. நீருக்கான நிலத்தை இலவசம் என்று கருதி எடுத்துக்கொண்டோம். ரயிலுக்கான நிலத்தை முன்கூட்டி ஒதுக்காமல் விட்டோம். சிங்கப்பூர்க் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் விலை கொடுத்தவர்களைப் பற்றிப் பேசாமல் நிலைத்த வளர்ச்சியைப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. கூவம், அடையாறு கரைகளை மீட்பது சுற்றுச்சூழல் திட்டம். அங்கே குடிசை போட்டிருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினோம், வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி. செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் அதே கழுவெளியின் ஓரத்துத் தாழ்நிலங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அங்கே தண்ணீர் புகுந்தது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் போக வேண்டியவர்கள் தினமும் கூடுதலாக இரண்டு பேருந்து பிடிக்கிறார்கள். ஆற்றின் கரையைக் கணக்கில் எடுத்த திட்டம், இவர்களின் பயண நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

தொழில்நுட்பத்துக்கு எதிரி அல்ல நான். இந்த நகரத்தில் நன்றாக வேலை செய்த தொழில்நுட்பங்கள் உண்டு. அவற்றில் முதன்மையானது ஒரு குழாயும் ஒரு குழியும்தான். 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று எச்சரித்தார்கள். காலக்கெடு சில வாரங்களே. கடற்கரையோரக் கிணறுகளில் உவர்ப்பு குறைந்ததையும் நிலத்தடி நீர் ஏறியதையும் அந்தப் பகுதிவாசிகள் இன்றும் சொல்வார்கள். அந்தத் திட்டம் பின்னர் மங்கியது தொழில்நுட்பத்தால் அல்ல: தூர் வாருவார் இல்லை, கண்காணிப்பார் இல்லை. பல வீடுகளில் மொட்டைமாடிக் குழாய் இன்று நேரே தெருவுக்குத்தான் இறங்குகிறது. கருவியை நிறுவுவது ஒரு நாள் வேலை. பராமரிப்பது தலைமுறை வேலை. திட்ட மதிப்பீட்டில் இரண்டாவதற்குப் பெரும்பாலும் தலைப்பே இருக்காது.

2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தோம். அதன்பின் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வேகம் பிடித்தன. மீஞ்சூரும் நெம்மேலியும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் ஆலைகளாக ஏற்கெனவே இருந்தன. 15 கோடி லிட்டரில் நெம்மேலியின் இரண்டாவது ஆலை 2024-ல் வந்தது. 40 கோடி லிட்டருக்குப் பேரூரில் ஆலை கட்டுகிறார்கள். வறட்சிக் காப்பீடாக இவை தேவை, மறுக்கவில்லை. ஆனால், ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க ஏறத்தாழ மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். நெம்மேலியின் புதிய ஆலை முழு அளவில் ஓடினால் அதற்கு மட்டும் ஒரு நாளைக்கு ஐந்து லட்சம் யூனிட் போல ஆகும். மின்சாரம் நிலக்கரியிலிருந்து வரும் வரைக்கும், இது வானத்துக்குப் புகை அனுப்பித் தண்ணீர் வாங்குவதுதான்.

கழிவுநீரைக் குடிநீர்த் தரத்துக்கு அருகே கொண்டுவர அதில் பாதி மின்சாரம்கூடத் தேவையில்லை. இதில் சென்னை நாட்டுக்கே முன்னோடி என்பது பலருக்குத் தெரியாது. மணலியில் உள்ள தொழிற்சாலைகள் தொண்ணூறுகளிலேயே குடிநீர் வாரியத்திடம் சுத்திகரித்த கழிவுநீரை வாங்கி, தாமே மேலும் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் திறக்கப்பட்டன. கோயம்பேட்டு நீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. கார் கம்பெனி எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஈடாக ஓர் ஏரியில் ஒரு லிட்டர் மிச்சமாகிறது. இதைவிடப் பெரிய பசுமைத் தொழில்நுட்பம் இந்த நகரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. இதற்கு யாரும் முப்பரிமாணப் படம் போட்டுக் காட்டுவதுமில்லை. மூன்றாவது முழுமைத் திட்டம் புதிதாக உருவாகும் ஒவ்வொரு துணை நகரத்துக்கும் முதல் நாளிலேயே இரண்டு குழாய் வரிசைகளைக் கட்டாயமாக்கினால், அதாவது குடிக்க ஒன்றும் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் இன்னொன்றும் என்று வகுத்தால், இருபது ஆண்டுக்குப் பிறகு எந்தச் சுத்திகரிப்பு முறை வந்தாலும் அந்தக் குழாயில் இணைத்துக்கொள்ளலாம். குழாயைப் பிறகு பதிக்க நினைத்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் பழைய மாமல்லபுரம் சாலை இருக்கிறதே.

அடுத்து உணர்கருவிகள். ஏரி மட்டத்தையும் மழையளவையும் வடிகாலின் ஓட்டத்தையும் நொடிக்கு நொடி அறிவிக்கும் கருவிகளை நகரம் நிறுவத் தொடங்கியிருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வெள்ளம் வரும்போது முதலில் போவது மின்சாரம். தெருவோர பில்லர் பாக்ஸில் தண்ணீர் ஏறினால் உயிர்ப்பலி ஆகும் என்பதால் மின்வாரியமே இணைப்பைத் துண்டிக்கும். அது சரியான முடிவும்கூட. மின்சாரம் போய்ச் சில மணி நேரத்தில், டீசல் தீர்ந்ததும், கைப்பேசிக் கோபுரம் அணைகிறது. 2015-லும் 2023-லும் இதைத்தான் பார்த்தோம். கோபுரத்தை நம்பியிருக்கும் உணர்கருவி, அது யாருக்காக வைக்கப்பட்டதோ அவர்களுக்குத் தேவைப்படும் இரவில் ஊமையாகிவிடும். ஆகவே கருவி வாங்கும் ஒப்பந்தத்தில் முதலில் எழுத வேண்டியது, மின்சாரமும் வலைப்பின்னலும் இல்லாமல் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதை. அதோடு மதகுக்குப் பக்கத்தில் அளவுகோல் தீட்டிய ஒரு கல்லும், அதைப் படித்துச் சொல்ல ஓர் ஆளும் இருக்கட்டும்.

கருவி தரும் தகவலை வைத்து முடிவெடுப்பது யார் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்தது குறித்து ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை, அதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே குறிப்பிட்டது. எந்த அளவில், யாருடைய உத்தரவில், எத்தனை மணி நேரம் முன்னறிவிப்புடன் மதகு திறக்க வேண்டும் என்பது மென்பொருள் கேள்வி அல்ல.

மின்வாகனத்துக்கும் இதே கதை. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து தாழ்தள மின்பேருந்துகள் புறப்பட்டதைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். சக்கர நாற்காலியில் இருப்பவர் பிறர் தூக்கிவிடாமல் ஏறும் பேருந்துக்கு இந்த ஊர் வெகுகாலம் காத்திருந்தது. அங்கே எனக்கு எழுந்த கேள்வி பேட்டரியைப் பற்றியதல்ல: மின்னேற்றிகள் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கின்றன? வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் அடுக்குமாடிகளின் தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்துமிடம். ஒவ்வொரு மழையிலும் முதலில் மூழ்குவது அது. அங்கேதான் இப்போது மின்கார்களுக்கான மின்னேற்றியைச் சுவரில் பொருத்துகிறார்கள். எந்த மட்டத்துக்குமேல் பொருத்தலாம் என்று கேட்டால் மின்பணியாளர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டுவார். அவர் மீது தவறில்லை. அவருக்கு அந்தத் தெருவின் வெள்ள மட்டத்தை எழுதிக்கொடுத்தவர் யாரும் இல்லை.

மட்டம் என்ற இந்த எளிய தகவல்தான் சென்னையின் உண்மையான இல்லாமை. இந்தியாவையே அளந்த பெரும் முக்கோண அளவைப் பணிக்கு 1802-ல் பரங்கிமலைக்குப் பக்கத்தில்தான் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்தார். அந்த ஊரில் இன்று நீங்கள் மனை வாங்கினால் பத்திரத்தில் நீளம் இருக்கும், அகலம் இருக்கும், நான்கெல்லை இருக்கும், உயரம் இருக்காது. நகரமோ தட்டையானது, அரை மீட்டர் வித்தியாசம் வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதைத் தீர்மானித்துவிடும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு உயர்கிறது, பழைய வீடு பள்ளமாகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலரே உத்தரவிட வேண்டியிருந்தது. தெருவுக்கு இதுதான் நிரந்தர மட்டம் என்று எங்கேயும் பதிவு இல்லாதவரை, ஒப்பந்ததாரர் சுரண்டியது நான்கு அங்குலமா இரண்டா என்று கேட்க யாராலும் முடியாது.

2024 ஜூலையில் சுயசான்று முறையில் கட்டட அனுமதி தரும் வசதி வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் இணையத்திலேயே உடனடியாக அனுமதி பெறலாம். நடுத்தரக் குடும்பங்களுக்கு எவ்வளவு அலைச்சல் மிச்சம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அந்தப் படிவத்தில் இன்னும் ஒரே ஒரு கட்டம் சேர்க்கலாம்: மனையின் மட்டம். புல எண்ணைத் தட்டியதும் தெருவின் மட்டமும் 2015, 2023 வெள்ளங்கள் அங்கே ஏறிய உயரமும் தாமே வந்து நிற்க வேண்டும். தரைத்தளத்தை எந்த உயரத்தில் போடுவது, மின்மீட்டரை எங்கே வைப்பது, மின்னேற்றியை எங்கே பொருத்துவது என்பதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். ட்ரோனும் லேசர் அளவையும் இருக்கும் காலத்தில் இந்தத் தகவலைத் திரட்டுவது கடினமில்லை. வெளியிடுவதுதான் கடினம், பள்ளத்து மனைகளின் விலை இறங்கும் என்பதால்.

பெரிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்காக 10 சதவீத நிலத்தை உள்ளாட்சிக்குத் தானமாகத் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. விற்காத மூலையை, தாழ்ந்த மூலையைத் தள்ளிவிடுகிறார்கள் என்பது வாடிக்கையான புகார். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன்: தாழ்ந்த மூலையையே கேட்டு வாங்க வேண்டும். மண்ணடித்து மேடாக்கி ஊஞ்சல் கட்டாமல், மழைக்காலத்தில் குளமாகவும் கோடையில் விளையாட்டுத் திடலாகவும் விட்டுவிட்டால் அந்தப் பகுதிக்கு அதுவே வெள்ளக் காப்பு. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அனுமதி தரும் அதிகாரி சமவுயரக் கோடு வரைந்த வரைபடத்தைக் கேட்டால் போதும்.

நிர்வாகத்தைப் பற்றி ஒரு சொல். சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-ல் இயற்றப்பட்டது. அது உயிர்பெற்று முறையாகக் கூடியது பத்தாண்டுக்கும் மேல் கழித்து. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு எடுக்கும் வசதி 2025-ல் வந்தது. செயலி எழுதும் அறிவு நம்மிடம் எப்போதும் இருந்தது. வெவ்வேறு துறைகள் ஒரே மேசையில் உட்காரத்தான் அத்தனை ஆண்டுகள். ஸ்மார்ட் சிட்டி திட்டமும் பாடம்தான். 2015-ல் தொடங்கிய அந்த மத்திய அரசுத் திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. அதில் நிறுவிய கேமராக்களுக்கும் திரைகளுக்கும் கட்டுப்பாட்டு மையத்துக்கும் இனி ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டியது மாநகராட்சிகள். அவற்றில் சேரும் தரவு யாருடையது, ஒப்பந்த நிறுவனம் மாறினால் அதை எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்திடம் போக முடியுமா என்பதை ஒவ்வொரு மாமன்றமும் கேட்டறிந்து வெளியிட வேண்டும். தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-ல் போட்ட அகன்ற நடைபாதைக்கு இப்படிப்பட்ட சிக்கல் ஏதுமில்லை. அது கல்லும் மரமும். அந்தத் திட்டத்தில் சென்னைக்குக் கிடைத்தவற்றில் பத்தாண்டு கழித்தும் பயன்தரப்போவது அதுதான் என்று பந்தயம் கட்டுவேன்.

சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து 2022-ல் அரசு ஆணையிட்டது. காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கமெல்லாம் உள்ளே வருகின்றன. அதாவது, ஏரிக்குக் கீழே ஏரி என்று கலங்கல் வழிந்து கலங்கலுக்குப் போகும் பழைய பாசன நாடு முழுவதும் நகரமைப்பாளரின் மேசைக்கு வந்துவிட்டது. அந்த வட்டாரத்தில்தான் பரந்தூர் விமான நிலையத்துக்கான நிலமும் இருக்கிறது. ஏரிகளும் வாய்க்கால்களும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நிலம். ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் போராடிவருவது அறிந்ததே. விமான நிலையம் வேண்டுமா என்ற விவாதத்தை இங்கே திறக்கவில்லை. வந்தால் அதைச் சுற்றி இன்னொரு பழைய மாமல்லபுரம் சாலை எழும்; அதற்கு முன் அந்த வாய்க்கால்களின் இரு கரையும் எந்தப் புல எண் வரை என்று அரசிதழில் ஏறியிருக்க வேண்டும், குழாய்களுக்கான தடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். நிலத்தின் விலை ஏறிய பிறகு இதைச் செய்த நகரம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

வரைவுத் திட்டம் வெளியானதும் மக்கள் கருத்துச் சொல்லக் கால அவகாசம் தருவார்கள். குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் என் யோசனை இது. தொழில்நுட்பம் பற்றிய அத்தியாயத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் ஊரின் புல எண் வாரியான வரைபடம் தமிழில் இருக்கிறதா, அதில் மட்டம் குறித்திருக்கிறதா, உங்கள் ஏரியின் கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை வாய்க்கால் அறுபடாமல் வரையப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையே முதல் ஆட்சேபணையாக எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையாளர்: நகரமைப்பு வல்லுநர்